இடது கால்

படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
ஓடுதளத்தில் காற்றுத் திசைகாட்டி இருந்ததா?
'ஆம்' கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்
கொமொதோரோவிலிருந்து வந்த விசாரணை அதிகாரி.
என்ன துணி என்று கேட்க
அதில் கட்டமில்லை.

ஆரஞ்சுக் காற்றுப்பை ஆகஸ்டில் கிழிந்தது.
புதிதுக்கு எழுதிப் போட்டேன், வரவில்லை.
பாதகோனியாவில் கேட்டது வந்து சேர்வதற்குள்
எதற்குக் கேட்டோம் என்பது மறந்திருக்கும்.
பழைய ஜீன்ஸின் இடது காலைத்
தொடையோடு வெட்டி
வாளியின் விளிம்பு வளையத்தில் தைத்துக்
கம்பத்தில் ஏற்றினேன்.
அது உப்பிக்கொண்டு கிழக்கே ஓர் உதை விட்டது.

'உன் மீதி ஆள் எங்கே?'
என்று வானொலியில் சிரித்தாள்
அதை முதலில் பார்த்த அன்று
நெலிதா ஒயார்சூன்.

வியாழன்தோறும் வருவாள்.
பின்னிருக்கை கழற்றிய செஸ்னாவில்
ஆட்டுத் தடுப்பூசி, கடிதங்கள், பாட்டரி,
ஒரு மூட்டை யெர்பா இலை.

இங்கே காற்றடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்.
நின்றால் நாய்கள் குரைக்கும்.

அன்று தெற்கிலிருந்து வந்தாள்,
மூக்கை மேற்கே திருப்பி
நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில்.
ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பத்தைப் பார்த்தாள்.
அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்:
முழங்காலை மடித்துத் தொங்கும் ஒரு கால்.
எங்கும் போக வேண்டியிராத ஒருவனின் கால்.

மெல்லிய துணியென்றால் எப்போதோ விறைத்திருக்கும்.
விடியலில் தூறல்.
ஈரம் குடித்த ஜீன்ஸ்
அறுபது கிலோமீட்டர் காற்றை
முப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.
வரவேற்கிறேன் என்று நினைத்து
இறக்கையை ஒருமுறை ஆட்டிக் காட்டினாள்.

மயிர் கத்தரிக்கும் கொட்டகையின் மறைவில்
இடது சக்கரம் தொட்டது. பிறகு வலது.
நல்ல இறக்கம்தான்.
கொட்டகை முடிந்தது.

இடது இறக்கைக்கு அடியில் காற்று தோள் கொடுத்தது.
வலது நுனி சரளையில் ஒரு கோடு கிழித்தது,
நீளமான கோடு, இன்னும் இருக்கிறது.
அப்புறம் வயிறு வானத்தைப் பார்த்தது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
நான் மேற்கே நின்றேன்.
இரண்டு கிலோமீட்டர் கிழக்கே வேலி முடுக்கிக்கொண்டிருந்த அந்திலெஃப்
கேட்டதாகச் சொன்னான்,
தகரக் கூரையை யாரோ உதைத்தது மாதிரி.

வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்கினாள்.
கூந்தல் கூரையைத் தொட்டது.
பெட்ரோல் எங்கோ சொட்டியது.
'பாட்டரியை அணை' என்றாள்,
வீட்டில் அடுப்பை அணைக்கச் சொல்கிற குரலில்.
அணைத்தேன்.
முதுகைக் கொடுத்துப் பட்டையை அறுத்தபோது
காறை எலும்பு முறிந்திருப்பது
எனக்கும் தெரிந்தது.

மூட்டை வெடித்திருந்தது.
உடைந்த கண்ணாடி வழியே
ஒரு மாத இலை
பச்சைப் புகையாக வெளியேறியது,
புல்வெளி தாண்டி, அட்லாண்டிக்கை நோக்கி.

'எவ்வளவு?' என்று கேட்டாள்.
காற்றைத்தான் கேட்டாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறன்று மருத்துவமனையிலிருந்து பேசினாள்.
ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை
நான் தொடங்குவதற்குள்:
'ஜீன்ஸ் என்று எனக்குத் தெரியாதா, மடையா.
எப்போதும் பதினைந்து கூட்டிக்கொள்வேன்.
மழை பெய்ததா அங்கே?'
பெய்தது என்றேன்.
கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல்.
'அதைத்தான் கூட்டவில்லை.'

அதிகாரி பேனாவை மூடுகிறார்.
ஜன்னலுக்கு வெளியே
இப்போது நன்றாகக் காய்ந்துவிட்ட கால்
இடுப்பு உயரத்துக்கு நீண்டு
நேராக நிற்கிறது.

ஐயா, திறங்கள் அதை.
பதினொன்றாம் கேள்வியின் ஓரத்தில்
கொஞ்சம் இடம் இருக்கிறது.